இரவல் பாட்டில் நடை பழகிய படம்

ரொம்பப் பழைய காலம் ஒன்றுமில்லை, போன வருஷத்துக்கு முந்தின வருஷம். தூத்துக்குடியில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையின் மாடியில், ஒரு கம்ப்யூட்டருக்குள், ஒரு குறும்படம் பிறந்து வளர்ந்துகொண்டிருந்தது. ஒன்பது நிமிஷப் படம். ஆள் சின்னதுதான், ஆனால் வாய் கொஞ்சம் பெரிசு.

படத்தைப் பெற்றவன் இசக்கிதுரை. உடைந்த போன்களுக்குக் கண்ணாடி மாற்றுவது அவன் பிழைப்பு. கடையில் கூட்டம் இல்லாத மத்தியான வேளைகளில் மாடிக்கு ஓடிப்போய்ப் படத்தை வெட்டுவான், ஒட்டுவான். கேமரா கூட்டாளியுடையது. விளக்கு சூரியனுடையது. நடித்தது பஸ் ஸ்டாண்டு பக்கம் டீக்கடை வைத்திருக்கும் சந்தனமாரி அக்கா.

கதை இவ்வளவுதான். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் அதில் கால் வைக்க நேரமே வாய்க்காத ஒரு டீக்கடைக்காரி, ஒருநாள் கொதிக்கிற பாலை இறக்கி வைத்துவிட்டு, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கடலுக்குப் போகிறாள். கால் நனைக்கிறாள். அலை முழங்காலில் வந்து அடிக்கிறது. சிரிக்கிறாள்.

அந்தச் சிரிப்பு நடிப்பு இல்லை, ஐயா. நிஜமாகவே அலை எகிறி அடித்து, சேலை பாதி நனைந்து, "ஐயோ, எம்மா!" என்று கத்திவிட்டு சந்தனமாரி அக்கா சிரித்த சிரிப்பு. வீட்டுக்காரர் தவறிய பிறகு அவள் அப்படிச் சிரித்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவள் மகள் முத்துஜெயாவும் பார்த்ததில்லை. ஜெயா மஸ்கட்டில் ஒரு வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறாள். போனில் பேசினால் இந்தப் பக்கம் தாயும் அந்தப் பக்கம் மகளும் அழுவார்கள். அழுது முடித்து, "சரி, சாப்பிட்டியா" என்று கேட்டு வைத்துவிடுவார்கள்.

படத்தை முதன்முதலாகப் போட்டுக் காட்டியபோது சந்தனமாரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி, இத எம் மவ பாக்கணும். எங்கம்மா தனியாக் கெடந்து சீரழியுதான்னே நெனச்சிட்டிருக்கா. நான் சிரிக்கத அவ பாக்கணும்."

"இப்பமே போன்ல அனுப்பிருதேன்க்கா."

"போன்ல வேண்டாம். அது போட்டோ அனுப்புத மாதிரி. நீங்க ஊரறிய வெளியிடுங்க. கூட வேல பாக்குத பிள்ளைகளக் கூப்பிட்டு, பேரச் சொல்லித் தேடி, 'இந்தா பாரு, எங்கம்மா நடிச்ச படம்'னு அவ காட்டணும். அதாம் எனக்கு வேணும்."

படம் இதைக் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்றைக்கே அது முடிவுகட்டிவிட்டது, எப்பாடு பட்டாவது மஸ்கட் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று.

இந்த இடத்தில் இசக்கிதுரை செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும். படம் வெட்டுகிறவர்கள் மட்டுமே செய்கிற தப்பு அது. சத்தமே இல்லாமல் வெட்டினால் கை ஓடாது. அதனால் ஊருக்கே தெரிந்த ஒரு சினிமாப் பாட்டை எடுத்து, "சும்மா, தற்காலிகமா" என்று காட்சிக்கு அடியில் போட்டுக்கொள்வார்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பார்கள். மாற்ற மனசு வராது. இசக்கிதுரைக்கும் வரவில்லை.

அவன் போட்டது கல்யாண வீடுகளிலும் பஸ்களிலும் முப்பது வருஷமாகக் கொடிகட்டிப் பறந்த பாட்டு. படம் அந்தப் பாட்டைச் சித்தி என்று கூப்பிட்டது. சித்தி மூச்சு வாங்குகிற இடத்தில்தான் சந்தனமாரி அக்கா திரும்பிப் பார்ப்பாள். சித்தியின் தபேலா விழுகிற இடமும் அலை விழுகிற இடமும் ஒன்று. படம் நடை பழகியதே அவள் கையைப் பிடித்துத்தான்.

"சித்தி, நீயும் என்கூட மஸ்கட் வருவேல்லா?"

"வர ஆசைதான்ப்பா. ஆனா நான் எங்க வீட்டுல சொல்லாம வந்திருக்கேன்."

"வந்தா என்ன? நீ என்ன பச்சப்பிள்ளையா?"

சித்தி சிரித்துக்கொண்டே அடுத்த அடியைப் பாட ஆரம்பித்தாள். படமும் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமோ என்ற பயம்தான், வேறென்ன?

கம்ப்யூட்டரை விட்டு வெளியுலகத்துக்குப் போக ஒரு வாசல் உண்டு. அந்த வாசலில் ஒரு காவல்காரர் உட்கார்ந்திருப்பார். அவருக்குக் கண் தெரியாது. ஆனால் காது என்றால் அப்படி ஒரு காது! பாட்டின் சொந்தக்காரர்கள் அவரிடம் வந்து, "இது எங்க வீட்டுப் பிள்ளை, எவனாவது கூட்டிட்டுப் போனா விடாதீங்க" என்று பாட்டைக் காதில் போட்டுவிட்டுப் போவார்கள். அவ்வளவு பாட்டும் அவருக்கு மனப்பாடம். கெட்டவர் இல்லை, பாவம். சொன்னதைச் செய்கிற மனுஷன்.

படம் நன்றாகத் தலைசீவி, நெற்றியில் ஒரு அட்டையை ஒட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தது. 'இசை உரிமை உரியவர்களுக்கே. நன்றி.' இசக்கிதுரை எழுதி ஒட்டியது. எல்லோரும் ஒட்டுகிறார்களே என்று அவனும் தாயத்துக் கட்டுவது மாதிரி ஒட்டிவிட்டான்.

"யாரது?" என்றார் காவல்காரர்.

"நான் குறும்படம் அண்ணாச்சி. மஸ்கட்டுக்குப் போறேன்."

"கூட யாரு?"

"யாருமில்லையே."

"தபேலா சத்தம் கேக்கே?"

"அது... எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கி அண்ணாச்சி."

"அடேயப்பா, ஒன் நெஞ்சு நல்ல தாளத்துலலா அடிக்கி! முப்பது வருஷத்துக்கு முன்னால பதிஞ்ச தாளம்லா இது?"

நெற்றியில் இருந்த அட்டைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "ஐயா, நான் ஒருத்தன் இருக்கேன், பாருங்க! உரியவங்களுக்கு நன்றின்னு கொட்டை எழுத்துல எழுதியிருக்கு!"

"எனக்குக் கண்ணு தெரியாதுப்பா. சரி, நன்றி சொல்லியிருக்கியே, உரியவங்ககிட்ட கேட்டியா?"

"நன்றிதான் சொல்லியாச்சே, பெறகு எதுக்குக் கேக்கணும்?"

காவல்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாருக்குடே ஒன் நியாயம்! அடுத்தவன் சைக்கிளத் தள்ளிட்டுப் போகும்போது, 'ரொம்ப நன்றி'ன்னு கத்திட்டுப் போனாச் சரியாப் போச்சா?"

படம் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்பி வந்தது.

இசக்கிதுரைக்கு ஒரு கூட்டாளி யோசனை சொன்னான். "பாட்டோட சுதிய லேசா ஏத்தி விடுல. காவல்காரருக்குத் தெரியவே தெரியாது." ஏற்றினான். சித்தியின் குரல் அணில் கத்துகிற மாதிரி ஆகிப்போனது. பெண்பிள்ளைக்கு ஒட்டுமீசை வைத்து அழைத்துப்போகிற கூத்துதான். படத்துக்கே சித்தியின் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. இருந்தாலும் மஸ்கட் போக வேண்டுமே.

வாசலில் காவல்காரர் காதைச் சாய்த்தார். சாய்த்த மாத்திரத்தில், "வாங்கம்மா, சௌக்கியமா? தொண்டைக்கு என்னாச்சு, சளியா?" என்று கேட்டார்.

சித்திக்கு மானம் போய்விட்டது. "போதும்ப்பா. என்னைப் பாடின அந்த அம்மா இதக் கேட்டா அழுதிருவாங்க. என்னை இப்படி ஆக்காத," என்றாள். படத்துக்கும் அழுகை வந்துவிட்டது.

காவல்காரருக்கு மனசு இளகியது. "அழாதப்பா. இவங்க வீட்டுல சொன்னதச் சொல்லுதேன், கேட்டுக்கோ. உள்ளூருக்குள்ள சுத்திட்டு வரதுன்னா விடலாம்னு சொல்லியிருக்காவ. கடல் தாண்டக் கூடாது. அந்தப் பக்கத்து உரிமைய வேற யாருக்கோ எழுதிக் குடுத்துட்டாவளாம். ஊர்ல சுத்துதியா?"

"நான் போக வேண்டியதே கடலுக்கு அந்தப் பக்கம்தான் அண்ணாச்சி!"

"அப்ப முறையாப் போய்க் கேளு. வேற வழியில்ல."

கேட்கலாம் என்றால் யாரிடம் கேட்பது? சித்தி அப்போதுதான் தன் குடும்பக் கதையைச் சொன்னாள். அவளுக்கு மூன்று வீடு. மெட்டுக்கு ஒரு வீடு, வரிக்கு ஒரு வீடு, ஒலிப்பதிவுக்கு ஒரு வீடு. மூன்று வீட்டிலும் சரி என்று சொன்னால்தான் அவள் வாசல் தாண்டலாம்.

இசக்கிதுரை போன் போட்டான். மெட்டுப் போட்டவரின் மகன் தங்கமான மனுஷர். "எங்கப்பா பாட்டு ஒரு சின்னப் படத்துல வருதுன்னா எனக்குச் சந்தோஷம் தம்பி. ஆனா எங்க கையில ஒண்ணுமில்ல, பாட்டப் பதிஞ்ச கம்பெனியத்தான் கேக்கணும்" என்றார். வரி எழுதியவர் வீட்டிலும் இதே பதில். கம்பெனியில் ஒரு பெண் எடுத்தாள்.

"எந்தத் தியேட்டர்ல சார் ரிலீஸ்?"

"தியேட்டர்ல இல்லீங்க."

"டிவியா?"

"இல்லீங்க, இன்டர்நெட்ல என் சேனல்லதான். ஒன்பது நிமிஷப் படம். ஒரு அம்மா கடல்ல கால் நனைக்காங்க, அவ்வளவுதான்."

அந்தப் பெண் கொஞ்சம் யோசித்துவிட்டு, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னாள். "உங்கள மாதிரிச் சின்னப் படத்துக்குன்னு எங்ககிட்ட தனி விலையே இல்ல சார். பெரிய படத்துக்கு என்னவோ அதுதான் உங்களுக்கும்." அந்த விலையில் இசக்கிதுரை இன்னொரு படமே எடுத்து, ஊரையே உட்கார வைத்துப் பிரியாணியும் போட்டிருக்கலாம்.

சித்தி புறப்பட்டாள். படம் அவள் முந்தானையை விடவில்லை.

"நீ போயிட்டா நான் எப்படி நடப்பேன்?"

"நடப்பப்பா. ஒன்னய எனக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? எத்தனையோ ஹீரோவுக்கு நான் பாடியிருக்கேன். அந்த அம்மா சிரிக்கும்போது பாடினது மாதிரி எனக்கு எங்கேயும் இனிக்கல. ஆனா நான் என் இஷ்டத்துக்கு இருக்கப்பட்டவ இல்லையே." படத்தின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் போனதும் படம் நொண்டியது. தபேலாவுக்காக வெட்டிய இடமெல்லாம் காரணமில்லாமல் வெட்டின மாதிரி துள்ளியது. சந்தனமாரி அக்கா யாரும் கூப்பிடாமலே திரும்பிப் பார்த்தாள். டீக்கடைப் பக்கம் போகவே இசக்கிதுரைக்கு வெட்கமாக இருந்தது. போனால், "எப்பம் தம்பி வருது?" என்று அவள் கேட்பாள். "வந்துரும்க்கா" என்று பொய் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஜெபசீலன் என்கிற ஆள் உடைந்த போனோடு கடைக்கு வந்தார். கல்யாணக் கச்சேரிகளில் கீபோர்டு வாசிக்கிறவர். போன் சரியாகிற வரைக்கும் மாடியில் உட்காரச் சொன்னான் இசக்கிதுரை. அங்கே ஓடிக்கொண்டிருந்த படத்தை அவர் பார்த்தார்.

"என்ன தம்பி, பாட்டே இல்லாம ஓடுது?"

இசக்கிதுரை கதை முழுதையும் கொட்டித் தீர்த்தான். ஜெபசீலன் கேட்டு முடித்துவிட்டு, "எனக்கு நேர்மாறான கதை. நானா போட்ட மெட்டு ஒண்ணு இந்தப் போனுக்குள்ள கெடக்கு. கல்யாண வீட்டுல வாசிச்சா, 'இது வேண்டாம், தெரிஞ்ச பாட்டா வாசிங்க'ங்காங்க. அதுக்கு ஒரு படமும் கெடைக்கல" என்றார்.

கண்ணாடி மாற்றிய போனிலிருந்து மெட்டு மெதுவாக எட்டிப் பார்த்தது. கூச்ச சுபாவம். கீபோர்டின் ஓரத்திலேயே வளர்ந்ததால் சத்தமாகப் பேசிப் பழக்கமில்லை.

படம் அதை மேலும் கீழும் பார்த்தது. "நீ எங்க சித்தி மாதிரி இல்லையே."

"இல்லதான்," என்றது மெட்டு. "நான் ஒன்னய நடத்திக் கூட்டிட்டுப் போக வரல. நீ நட. ஒன் நடை எப்படின்னு பாத்துட்டு, பக்கத்துல நான் வாறேன்."

மெட்டு அப்படித்தான் வந்தது. படம் துள்ளிய இடத்தில் தாங்கிப் பிடித்தது. நின்ற இடத்தில் நின்றது. அலை அடிக்கிற இடம் வந்ததும் சட்டென்று வாயை மூடிக்கொண்டது.

"ஏன் நிப்பாட்டிட்ட?" என்று படம் கேட்டது.

"அந்த அம்மா சிரிக்காங்கல்லா, அதக் கேக்கத்தான்."

சித்தி இருந்தபோது அந்தச் சிரிப்பு தபேலாவுக்குள் முங்கிப் போயிருந்தது என்பதே படத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அது ஓடிப்போய் மெட்டைக் கட்டிக்கொண்டது.

இரண்டும் கைகோத்துக்கொண்டு வாசலுக்கு வந்தன. காவல்காரர் காதைச் சாய்த்தார், இன்னொரு தரம் சாய்த்தார். "இந்தப் பிள்ளைய நான் கேட்டதே இல்லையே! யாரும் வந்து சொல்லவுமில்ல. போங்க, போங்க. நல்லபடியாப் போய்ச் சேருங்க." கதவு திறந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை ஜெயாவுக்கு லீவு. பேரைச் சொல்லித் தேடி, கூட வேலை பார்க்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு பார்த்தாள். அம்மா சிரிக்கிற இடம் வந்ததும் போனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிள்ளைகள், "ஏய், நாங்க பாக்க வேண்டாமாடி!" என்று பிடுங்கினார்கள். அன்றைக்குப் போனில் தாயும் மகளும் அழவில்லை. "ஏம்மா, சேலைய அப்படியா நனைப்ப?" என்று மகள் கேட்க, ஆரம்பித்துவிட்டார்கள் இரண்டு பேரும், ஒரே சிரிப்பு.

வந்த வேலை நல்லபடியாக முடிந்தது. படம் சும்மா இருந்திருக்கலாம். நாலு பேர் பாராட்டினால் நாலு பயமும் கூடவே வருமே. கூட்டாளி மறுபடியும் வந்தான். "மெட்டக் காவல்காரர்கிட்ட பதிஞ்சு வைல. இல்லாட்டி நாளைக்கு எவனாவது தன் பேர்ல பதிஞ்சிட்டு, நீதான் திருடன்னு ஒன் படத்தையே தடுப்பான்." இந்த ஒரு விஷயத்தில் அவன் சொன்னது வாஸ்தவம். அப்படி நடக்கத்தான் செய்கிறது.

பதிந்து வைக்கப் போனார்கள். இசக்கிதுரையும் ஜெபசீலனும் தங்கள் பேரைச் சொன்னார்கள். காவல்காரர் மெட்டை ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டு கேட்டார். "இந்தப் பிள்ளைய யாராவது கூட்டிட்டு வந்தா என்ன செய்ய? விடவா, தடுக்கவா?"

"தடுங்க," என்றது படம்.

"எல்லாரையுமா?"

"எல்லாரையும்தான். என்னைய எத்தன தடவ விரட்டுனீங்க!"

மெட்டு தயங்கியது. "கேட்டுட்டு வந்தா விடலாமே?"

"ஒருத்தனும் கேக்க மாட்டான். எனக்குத் தெரியாதா?" என்றது படம். தெரியாமல் என்ன? அது யாரைக் கேட்டது? இசக்கிதுரை 'தடு' என்ற பொத்தானை அழுத்தினான். அழுத்த வைத்தது படம்தான். எந்தப் படமும் தன்னைப் பெற்றவனை இப்படித்தான் ஆட்டி வைக்கும்.

கொஞ்ச நாள் போயிருக்கும். ஒரு காலையில் இசக்கிதுரை டீக்கடையில் நின்றுகொண்டிருந்தான். சந்தனமாரி அக்கா கையில் போனை வைத்துத் தடவிக்கொண்டே இருந்தாள். பால் பொங்குவதுகூடக் கண்ணில் படவில்லை.

"தம்பி, இதச் செத்த பாருங்க. ஜெயா எனக்காக என்னமோ படம் போட்டிருக்காளாம். 'உன்ன மாதிரியே நானும் ஊரறியப் போட்டிருக்கேம்மா, கடைக்கு வாறவங்களுக்கெல்லாம் காட்டு'ன்னா. விடிஞ்சதுலேருந்து தேடுதேன், அகப்பட மாட்டேங்கு. இவங்க வேற கேட்டுக்கிட்டே இருக்காங்க." டீ குடிக்க வந்தவர்கள் நாலைந்து பேர் அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அதே சமயம் இசக்கிதுரையின் போன் அதிர்ந்தது. வாசல் காவல்காரர் பெருமையோடு சேதி அனுப்பியிருந்தார். 'உங்கள் மெட்டைக் கூட்டிக்கொண்டு வந்த ஒருவரைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்.'

வாசலில் படமும் மெட்டும் ஓடி வந்தன. "யாருல அது?" என்று படம் சத்தம் போட்டது.

கதவோரம் ஒரு துண்டுப்படம் நடுங்கிக்கொண்டு நின்றது. அரை நிமிஷம்கூட இருக்காது. அதற்குள் ஒரு கடல், ஆனால் தூத்துக்குடிக் கடல் இல்லை. கரையில் ஒரு பெண் சுடிதாரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் காலை வைக்கிறாள். அலை எகிறி அடிக்கிறது. "ஐயோ, எம்மா!" என்று கத்திவிட்டுச் சிரிக்கிறாள். அடியில் மெட்டு ஓடுகிறது. சிரிக்கிற இடத்தில் நிற்கிறது.

படத்துக்கு அந்தச் சிரிப்பைத் தெரியும். ஒன்பது நிமிஷமும் அதைச் சுமந்துகொண்டுதானே கடல் தாண்டியது.

"கேக்காம எடுக்கல," என்று துண்டுப்படம் அழுதது. "யாரைக் கேக்கணும்னு ஜெயாவுக்குத் தெரியல. எங்கம்மா படத்துல வாற பாட்டுதான, அம்மாவக் கேட்டாப் போதும்னு கேட்டா. 'அதுக்கென்ன, எடுத்துக்கோ'ன்னு அவங்க சொன்னாங்க."

காவல்காரர் குழம்பிப்போனார். "பதிய வந்தப்ப நீங்க ரெண்டு பேரச் சொன்னீங்க. அந்த அம்மா பேர என் காதுல யாரும் சொல்லலையே?"

டீக்கடையில் சேதியைத் திறந்து பார்த்த இசக்கிதுரையின் கட்டைவிரல் 'விடு' என்ற பொத்தான்மேல் இறங்கியது.

"சொல்லாம விட்டது எங்க தப்பு அண்ணாச்சி," என்றது படம். "கதவத் தொறங்க. பிள்ள நனஞ்சு போய் நிக்கி."